21 கிலோமீட்டரும் மீட்டர் வட்டியும்!

"எத்தனாவதுடா வந்தே?"

பெசன்ட் நகர் பீச் பிளாட்பாரத்தில், கழுத்தில் ஒரு மெடலோடும் கையில் ஒரு வாழைப்பழத்தோடும் சரிந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அப்பா கேட்ட முதல் கேள்வி இது.

செல்போனுக்கு வந்திருந்த எஸ்.எம்.எஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன். "ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டாவது."

"மொத்தம் எத்தனை பேர்?"

"முடிச்சவங்க ஆயிரத்து அறுநூறு சொச்சம்."

அப்பா ரிடையர்டு ஹெட் கிளார்க். கழித்தல் கணக்கு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இரண்டு விநாடி கண்ணை மூடிக் கழித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்போ உனக்குப் பின்னாடியும் இருநூறு பேர் வந்திருக்கான்! பரவால்லயே... ப்ளஸ் டூவுலகூட உனக்குப் பின்னாடி இத்தனை பேர் இல்லையேடா!"

பக்கத்தில் நின்ற என் தர்மபத்தினி சிரிப்பை அடக்கிக்கொள்ள முந்தானையைத் தேடினாள். சுடிதாரில் வந்திருந்ததால் கிடைக்கவில்லை.

நான் ஓடியது அரை மாரத்தான். 21 கிலோமீட்டரும் 97.5 மீட்டரும். அதென்ன கொசுறு 97.5 மீட்டர் என்கிறீர்களா? 1908-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ். மாரத்தான் பந்தயத்தை விண்ட்சர் அரண்மனையில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அளந்து பார்த்தால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1921-ல் அதையே உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கிவிட்டார்கள். ராஜ குடும்பத்து வசதிக்காக வேளச்சேரியிலிருக்கிற நான் இத்தனை வருஷம் கழித்து 97.5 மீட்டர் அதிகமாக நொண்டினேன். காலனி ஆதிக்கம் என்பது இதுதான் ஸார்!

என் நேரம் 2 மணி 51 நிமிஷம். 2024 அக்டோபரில் ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவில் எத்தியோப்பியாக்காரர் யோமிஃப் கெஜெல்சா இதே தூரத்தை 57 நிமிஷம் 30 விநாடியில் ஓடினார். நம் நாட்டு அவினாஷ் சாப்ளே 2020 நவம்பரில் டெல்லியில் ஒரு மணி முப்பது விநாடியில் முடித்தார். (நிமிஷம் இல்லை ஸார், விநாடி!) நான் வந்து சேர்வதற்குள் கெஜெல்சா குளித்து, சாப்பிட்டு, ஒரு தமிழ்ப் படம் இடைவேளை வரை பார்த்திருக்கலாம்.

ஆக, ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் தப்பாக ஓடுவதைப் பற்றி எழுத எனக்கிருக்கிற தகுதி வேறு யாருக்கும் இருக்காது. நான் ஒரு பி.காம். எட்டு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் அடுத்தவர்களின் வரவு செலவை டிக் அடித்துவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவன். அதனால் எல்லாவற்றையும் கணக்குப் புஸ்தகமாகவே பார்க்கிற வியாதி உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஏ.சி. டிக்கெட்

2024 ஆகஸ்ட். இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நார்மல். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நடுவில் தொங்குகிறவன் திரிசங்கு.

"நீங்க இன்னும் பேஷண்ட் இல்லை" என்றார் டாக்டர். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "ஆர்.ஏ.சி.யில இருக்கீங்க. எப்ப வேணாலும் கன்ஃபர்ம் ஆகலாம்" என்றார்.

இந்தக் கம்பார்ட்மெண்டில் நான் தனியாக இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆரின் பெரிய கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் பத்துக் கோடி. என்னைப் போல் ஆர்.ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர்கள் பதிமூன்று கோடிக்கும் மேல். இதைப் படிக்கிற உங்களில் பல பேர் என் பக்கத்து சீட்டாகவே இருக்கலாம். ரத்தம் கொடுத்துப் பார்க்காததால் தெரியாமல் இருக்கலாம்.

எனக்கு வயது 37. எடை 78 கிலோ. ஆனால் நான் பயந்தது நம்பருக்காக இல்லை. அப்பாவின் வலது காலுக்காக.

அந்தக் காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. 2016 தீபாவளிக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கினார். அது கட்டை விரல் பக்கம் கடித்தது. கடித்தது அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துச் சர்க்கரை பாதத்து நரம்புகளை எப்போதோ மரத்துப் போக வைத்திருந்தது. கொப்புளத்தோடு ஒரு வாரம் ரேஷன் கடைக்கும் பேங்க்குக்கும் நடந்திருக்கிறார். "வலிக்கவே இல்லைடா" என்று டாக்டரிடம் போகும்போதுகூடப் பெருமையாகத்தான் சொன்னார். கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தால்தான் பாதம் தப்பும் என்று எடுத்தார்கள்.

அந்த "வலிக்கவே இல்லை" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் என்னிடம் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். தினம் அரை மணி நேரம் நடை, தட்டில் சாதத்தைக் குறைத்துக் காய்கறி. சென்னை டாக்டர்கள் செய்து 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. என்னைப் போல ஆர்.ஏ.சி.யில் இருந்த 531 பேர். சும்மா இருந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை கன்ஃபர்ம் ஆனது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டவர்களில் 39. மாத்திரை இல்லாமல்!

அரை மணி நடை போதும் என்றவரிடம் சரி என்றுவிட்டு வந்தவன், பழைய ஆபீஸ் நண்பனிடம் வாய்விட்டேன். "நடையா? ரிடையர் ஆயிட்டியா? ஹாஃப் மாரத்தானுக்குப் பேர் குடு!" என்றான். ஆண் பிள்ளைகளுக்கே உரிய அசட்டு ரோஷத்தில் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் ஓட்டம். கையில் ஐந்து மாசம்.

(நண்பன் பேர் கொடுக்கவில்லை. அவனுக்கு முழங்கால் வலியாம்!)

பாடம் 1: ஷூ ஓடாது, நாம்தான் ஓடணும்

முதல் வேலையாக ஷூ கடைக்குப் போனேன். ஆறாயிரம் ரூபாய். விற்ற பையன் அந்த ஷூவுக்குள் காற்று, ஜெல், ஸ்பிரிங் என்னவெல்லாமோ இருப்பதாகச் சொன்னான். பெட்ரோல் ஊற்ற வேண்டாமா என்று கேட்க நினைத்தேன்.

உருப்படியான விஷயம் ஒன்று அந்தக் கடையில் கிடைத்தது. ஷூவைச் சாயங்காலம் வாங்க வேண்டும். பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துப் போகும். காலையில் போய் "கச்சிதமா இருக்கு" என்று வாங்குகிறவன் பதினைந்தாவது கிலோமீட்டரில் கடைக்காரனைத் திட்டுவான்.

பாடம் 2: மெதுவாக ஓடுவது ரொம்பக் கஷ்டம்

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் இறங்கினேன். ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 21ஜி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. அதே வேகத்தில் எடுத்தேன். இருநூறு மீட்டர். கண்ணில் பூச்சி பறந்தது. தெரு நாய்கள் நாலு, ஏதோ திருடன்தான் போலிருக்கிறது என்று எழுந்து வந்தவை, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, இவனைத் துரத்துவது நமக்குக் கேவலம் என்று திரும்பிப் போய்விட்டன.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓடும்போது மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பக்கத்தில் பேச ஆள் இல்லாததால் நான் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். "ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்பது" என்று இருட்டில் கேட்டதும், கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி டப்பாவைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. "என்ன தம்பி, இன்னிக்கு எட்டோட நிறுத்திட்டீங்க?" என்று கேட்கிற அளவுக்கு.

மெதுவாக ஏன் ஓட வேண்டும்? இதோ கணக்கு. நம் உடம்பில் சேமிப்பு இரண்டு வகை. ஒன்று, தசையிலும் ஈரலிலும் இருக்கிற கிளைகோஜன். அது கையிருப்பு ரொக்கம். மொத்தமே அரைக் கிலோ சுமார். இன்னொன்று கொழுப்பு. அது ஃபிக்ஸட் டெபாசிட். என் தொப்பையில் தாராளமாக இருந்தது. மெதுவாக ஓடினால் டெபாசிட்டிலிருந்தும் நிதானமாக எடுத்துக் கொடுக்கும். வேகம் எடுத்தால், அவசரத்துக்கு ரொக்கத்தையே பெரும்பாலும் எடுக்கும். ரொக்கம் காலியானால்? வயிற்றில் டெபாசிட்டைச் சுமந்துகொண்டே நடுரோட்டில் திவால்!

இன்னொரு வயிற்றெரிச்சல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு சுமார் ஒரு கலோரி செலவு. எனக்கு 78 கிலோ, 21 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 1,640 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 வேண்டும். ஆக, அரை மாரத்தான் முழுசாக ஓடினாலும் கால் கிலோ தேறாது! ஓடிவிட்டோமே என்று நெய் ரோஸ்ட், பொங்கல், வடை என்று இறங்கினால் அக்கவுண்ட் அன்றைக்கே நேராகிவிடும். எடை குறைவது ஓடுகிற அன்றைக்கு இல்லை, ஓடுகிற மாசங்களில்.

பாடம் 3: யாரும் கை தட்டாத நாட்கள்

அந்த மாசங்கள் எப்படிப் போயின? 2024 அக்டோபர் மழை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மழை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர். ஓட முடியாது, வேண்டுமானால் நீந்தலாம்.

மழை விட்ட நேரத்தில் மொட்டை மாடியில் ஓடினேன். துணி காயப்போடும் கொடிகளுக்குக் குனிந்து, தண்ணீர் டாங்க்கைச் சுற்றி, நூறு சுற்று. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "ஸார், மிக்ஸி சத்தம்கூடக் கேக்கலை" என்று மரியாதையாகப் புகார் செய்தார். மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் துணை. ஐந்து மணிக்கே அது எழுப்பிவிட்டுவிடும்.

வாரத்தில் நாலு நாள். மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளம். போன வாரத்தைவிட இந்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். நான் ஒரு தடவை பேராசைப்பட்டு எட்டிலிருந்து பதிமூன்றுக்குத் தாவினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. பத்து நாள் வீட்டில். அந்தப் பத்து நாளும் அப்பா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தினம் ராத்திரி படுக்கப் போகும்போது, "பாதத்தைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்பார். எட்டு வருஷமாக அவர் தினம் ராத்திரி கண்ணாடி வைத்துத் தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார். டாக்டர் கற்றுக்கொடுத்த பழக்கம்.

ஆடிட்டர் ஆபீஸில் புதுசாகச் சேர்கிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது இது. பாலன்ஸ் ஷீட் என்பது ஒரே ஒரு நாளின் போட்டோ. லாப நஷ்டக் கணக்குதான் வருஷம் முழுக்க நடந்த கதை. மெடலும் போட்டோவும் பாலன்ஸ் ஷீட். மொட்டை மாடியின் நூறு சுற்றுதான் லாப நஷ்டக் கணக்கு. இது தெரிந்தும், போட்டோ எடுக்கிற அன்றைக்கு நான் கோட்டை விட்டேன்.

பாடம் 4: ஆரம்பத்தில் வாங்குகிற கடன்

2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு. காலை ஐந்து மணி. பெசன்ட் நகரில் கிளம்பி, அடையாறு பாலம், சாந்தோம், கடற்கரைச் சாலை வழியாக நேப்பியர் பாலம் வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். தொடையிடுக்கிலும், சொன்னால் சிரிப்பீர்கள், மார்க்காம்பிலும் வாசலின் தடவியிருந்தேன். சட்டை உரசி உரசி ரத்தம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இதைப் பார்த்த என் எட்டு வயசு மகள், "அப்பா எதுக்கும்மா பனியன் போடற எடத்துல எண்ணெய் போட்டுக்கறாரு?" என்றாள். பதில் சொல்லாமல் ஓடினேன். அன்றைய முதல் ஓட்டம் அதுதான்.

என் திட்டம் இரண்டரை மணி நேரம். ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் சொச்சம். குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க வைப்பதற்கென்றே கொடி பிடித்து ஓடுகிற வழிகாட்டிகள் இருப்பார்கள். பேஸர் என்று பேர். 2:30 கொடிக்குப் பின்னால் நிற்க வேண்டியவன், நிற்கவில்லை. கூட்டம், பாட்டு, மைக்கில் ஒருவர் கத்தல், பக்கத்தில் கண்ணாடி போட்ட காலேஜ் பெண்கள். 2:10 கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். 37 வயசில் மனுஷனுக்குப் புத்தி எங்கே போகிறது பாருங்கள்!

முதல் ஐந்து கிலோமீட்டர் 31 நிமிஷம். பறக்கிறேன். அடையாறு பாலத்தில், நிதானமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காக்கி டவுசர்க்காரரை அலட்சியமாக ஓவர்டேக் செய்தேன். பத்தாவது கிலோமீட்டர் யுனிவர்சிட்டி பக்கம், 64 நிமிஷம். திட்டத்தைவிட ஏழு நிமிஷம் மிச்சம்! உழைப்பாளர் சிலை எனக்காகவே நின்று கொண்டிருப்பதாகத் தோன்றியது. வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேனா? இல்லை. சொல்லியிருந்தால் மூன்று பதினேழைத் தாண்டியிருக்க மாட்டேன்.

நேப்பியர் பாலத்தில் திரும்பியதும் கால் கனத்தது. விவேகானந்தர் இல்லம் தாண்டும்போது தோள்பட்டை இறுகியது. லைட் ஹவுஸ் பக்கம், சரியாகப் பதினாலாவது கிலோமீட்டரில், வலது ஆடுசதை கல்லாகப் பிடித்தது. நின்றுவிட்டேன். என்னைக் கடந்து 2:30 கொடி போனது. பிறகு 2:45 கொடி. அந்தக் கண்ணாடிப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். முழு வாக்கியங்களில்!

மிச்சம் ஏழு கிலோமீட்டர். திட்டப்படி ஐம்பது நிமிஷத்தில் முடிக்க வேண்டியது, 77 நிமிஷம் பிடித்தது. ஏழு நிமிஷம் கடன் வாங்கினேன். இருபத்தேழு நிமிஷமாகக் கட்டினேன். கந்து வட்டி, ஸ்பீடு வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். இது கிலோமீட்டர் வட்டி!

பாடம் 5: தண்ணீரிலும் கண்டம்

பயத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். சாந்தோமில் தண்ணீர் கொடுக்கிற மேஜையில் நாலு டம்ளர் மடமடவென்று குடித்தேன். வயிறு குடமாக ஆடியது. தாகத்துக்கு மேல் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைசுற்றி, முற்றினால் ஆளையே சாய்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குப் பதிமூன்று பேருக்கு உப்பு குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் ஒரு வாய், கூடவே கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். நம் பாட்டிமார்கள் உப்புப் போட்ட நீர்மோர் என்று இதைத்தான் கொடுத்தார்கள்.

அந்த மேஜையருகில்தான், "என்ன ஸார், வண்டி ஹீட் ஆயிடுச்சா?" என்று ஒரு குரல். காக்கி டவுசர்! ஐம்பத்தைந்து வயசிருக்கும். மாநகரப் பஸ் டிரைவராம். நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று வாட்ச்சைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். 1972 ஒலிம்பிக்ஸில் ஓடிய ஜெஃப் கேலோவே என்கிற அமெரிக்கர் பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதில்லை. களைக்காமல் இருக்க, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடப்பது.

"போறப்போ பிரிட்ஜ்ல என்னை ஓவர்டேக் பண்ணீங்களே, பச்சைச் சட்டை. அப்பவே நெனச்சேன் ஸார், இவர் டாப் கியர்லயே எடுக்கறாரேன்னு. மவுண்ட் ரோடு காலியா இருக்குன்னு மொத டிரிப்லயே அழுத்தினா கடைசி டிரிப்ல யார் ஓட்டறது? வாங்க, எங்கூட நடங்க."

நடந்தேன். அடையாறு பாலம் வரை கூடவே வந்தார். அவரால் சுலபமாக முன்னே போயிருக்க முடியும். "டைமுக்கு வந்தா யாரும் பாராட்ட மாட்டாங்க ஸார், லேட்டா வந்தா திட்டுவாங்க. ஆனா பஸ் வந்து சேர்றதுதான் முக்கியம்" என்றார். பாலத்தில் அவரை விட்டுப் பிரிந்தேன். அதாவது, அவர் போனார்.

வலிக்கிறதே!

அப்போதுதான் இடது குதிகாலில் சுரீர் என்றது. கொப்புளம். காரணம், அன்று காலை ஆசையாகப் போட்டுக்கொண்ட புது சாக்ஸ். பழகாத எதையும் ஓட்ட நாளில் போடாதே என்பது எல்.கே.ஜி. பாடம். நான் ஃபெயில்.

ஒவ்வோர் அடிக்கும் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினேன். எல்லோரையும் திட்டினேன். நண்பனை, சாக்ஸை, லண்டன் ராஜ குடும்பத்தை. திடீரென்று ஒன்று உறைத்தது. புதுச் செருப்பு; கொப்புளம்; ஒரு வாரம்; வலிக்கவே இல்லைடா. எனக்கு வலிக்கிறதே! என் நரம்பு இன்னும் எனக்குத் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறதே!

ரோட்டோரம் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். பிளாஸ்திரியைப் பையில் வைத்துத் தைத்தே கொடுத்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் அப்பாதான். "இருக்கட்டும்டா" என்று காலையில் கொடுத்தபோது அலுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கிலோமீட்டர் ஆரம்பத்தில், ஒரு டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. பக்கத்தில் மனைவியும் மகளும். ஏழு மணிக்கே ஆட்டோவில் வந்து உட்கார்ந்துவிட்டாராம். "மாமா, வெயில் ஏறுது, உள்ள வந்து உக்காருங்க" என்று இவள் கெஞ்சியும் எழுந்திருக்கவில்லையாம். நான் நொண்டி வருவதைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"கால்ல என்னடா?"

"கொப்புளம்ப்பா."

"வலிக்குதா?"

"உயிர் போகுதுப்பா."

அப்பா என் காலையே ஒரு நிமிஷம் பார்த்தார். "வலிக்கட்டும். வலிச்சா நல்லதுதான். போ, முடிச்சுட்டு வந்து கழுவிக் கட்டுப் போட்டுக்கோ" என்றார்.

ஓடினேன். அந்தக் கடைசிக் கிலோமீட்டரில் ஓட்டமென்று சொல்லத்தக்கது முந்நூறு மீட்டர்தான் இருக்கும். ஆனால் ஓடினேன்.

கடைசிப் பாடம்

ஏப்ரலில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.8. "கன்ஃபர்ம் ஆகலை. ஆனா வண்டியை விட்டு இறங்கவும் இல்லை" என்றார் டாக்டர். 5.7-க்குக் கீழே வர இன்னும் கொஞ்சம் பாக்கி. கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். 21 கிலோமீட்டர் அவசியமே இல்லை. அரை மணி நடை போதும். முப்பதைத் தாண்டியிருந்தால், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஓடத்தான் ஆசை என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நெஞ்சில் அடைப்போ மயக்கமோ வந்தால் நின்றுவிடுங்கள். மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும். டார்கெட், ப்ரமோஷன், ராத்திரி பதினொரு மணி பரோட்டா என்று நாம் இருபது வயசிலும் முப்பது வயசிலும் உடம்பிடம் வாங்குகிற கைமாற்றுக்கு, ஐம்பதில் ஆள் வந்து கதவைத் தட்டும்.

ஓட்டம் முடிந்த மறு வாரம். காலை ஐந்தரை. ஷூ மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறேன். வாசலில் அப்பா. சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் செய்துகொடுத்த எம்.சி.ஆர். செருப்பு, கைத்தடி, நெற்றியில் விபூதி. விரல் எடுத்ததிலிருந்து காலை நடையை விட்டவர்.

"தெரு முனை வரைக்கும் வரேன்" என்றார்.

நாலு வீடு தாண்டியிருப்போம். பழக்க தோஷத்தில் என் கால் எட்டிப் போட்டது. பின்னாலிருந்து குரல்.

"டேய்... எடுத்த எடுப்புலயே ஏன்டா ஓடறே? ஆரம்பத்துல மெதுவாப் போ. அப்பத்தான் கடைசி வரைக்கும் போகலாம்."

ஐந்து மாசம், ஆறாயிரம் ரூபாய் ஷூ, இருபத்தோரு கிலோமீட்டர், ஒரு கொப்புளம். இதையெல்லாம் செலவழித்து நான் கற்றுக்கொண்ட பாடம், எங்கள் வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்திருக்கிறது!

தெரு முனைக்குப் போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கோல மாமி எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, இன்னிக்கு வாய்ப்பாடு சொல்லலையா?"

"இன்னிக்கு நான் கேக்கற முறை மாமி" என்றேன். அப்பா பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். வீடு வரும் வரை மூச்சு வாங்கவில்லை.